லாபத்துக்கு அப்புறம் ஒண்ணு

புதுச்சேரியில் பாகூர் கொம்யூன் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், அசெம்பிளி லாங்குவேஜ் சொல்லிக்கொடுக்க என்னை விட்டால் வேறு ஆள் கிடைக்காது.

பொய். தேடவே வேண்டாம். என் கடைக்கு எதிர்ச்சந்திலேயே ஒரு இன்ஜினியர் இருக்கிறார். அவருக்கு என்னைவிடப் பத்து மடங்கு தெரியும். என்ன, ஞாயிற்றுக்கிழமை அவர் மதியம் வரை தூங்குவார், நான் கடையைத் திறந்து வைத்திருப்பேன். என் புகழுக்கெல்லாம் மூலகாரணம் அவருடைய தூக்கம்தான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் வாத்தியார் பாஸ் போட்டது என் அறிவுக்காக இல்லை, பெஞ்சில் அடுத்த வருஷப் பிள்ளைக்கு இடம் வேண்டும் என்பதற்காக. அபிஷேகப்பாக்கம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் என்னிடம் தூக்கி வருவார்கள். நான் பிரித்து, கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, வெயிலில் வைத்துக் கொடுப்பேன்.

கடை போடுவதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் ஹெல்பராக இருந்தேன். பம்ப்செட்டைத் தானாக ஓடவிட்டுத் தானாக நிறுத்தும் டைமர் போர்டு செய்கிற கம்பெனி. அங்கே வேறொரு இன்ஜினியர், கம்பெனிக்காரர், ஒரு தாளில் வரிசையாக எண்களை எழுதித் தருவார். நான் அதைப் பார்த்துப் பார்த்து ஒரு கிட்டில் தட்ட வேண்டும். கிட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பச்சைப் போர்டு, அதில் கொஞ்சம் பட்டன், சிவப்பாக எரிகிற ஆறு எண் கட்டம். அவ்வளவுதான். பட்டன்களில் சைபர் முதல் ஒன்பது வரை இருக்கும், அப்புறம் ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்து. எனக்கும் இங்கிலீஷில் சுத்தமாகத் தெரிந்தது அந்த ஆறு எழுத்துதான். கிட்டுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. இப்படி ஒரு ஜோடிப் பொருத்தம் என் கல்யாணத்தில்கூட அமையவில்லை.

தாளில் இருப்பது என்ன என்று தெரியாமலே வருஷக்கணக்கில் தட்டினேன். தட்டத் தட்ட ஒருநாள் பிடிபட்டது. 3E வந்தால் அடுத்து வருகிற எண்ணைத் தூக்கி 'ஏ' என்கிற பெட்டிக்குள் போடுகிறது. 80 வந்தால் கூட்டுகிறது. 76 வந்தால் நின்றுவிடுகிறது. அந்தச் சில்லுக்குத் தெரிந்ததே எடு, வை, கூட்டு, குறை, தீரவில்லையா, திரும்பிப் போ, இவ்வளவுதான். ஏர் மாட்டுக்கு இதைவிட நிறையப் பேச்சு புரியும். நடுவில் தரகர் யாரும் இல்லாமல் சில்லின் காதில் நேராகப் போய்ச் சொல்வதற்குத்தான் அசெம்பிளி என்று பெயர் என்று அந்தக் கம்பெனி இன்ஜினியர் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவர்கள் ஒவ்வொரு கட்டளைக்கும் இங்கிலீஷில் ஒரு குட்டிப் பெயர் வைத்திருந்தார்கள். எனக்குப் பெயர் தெரியாது, நம்பர்தான் தெரியும்.

கம்பெனியை மூடியபோது அந்தக் கிட்டைக் குப்பையில் போட்டார்கள். நான் பொறுக்கி வந்து கடை அலமாரியில் வைத்தேன். வருகிறவர்கள் என்னைப் பெரிய ஆள் என்று நினைக்கட்டுமே என்று அவ்வப்போது கரண்ட் கொடுத்து எரியவிடுவேன்.

அப்படி எரியவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பெண் வந்தாள். எரிந்துபோன மோட்டாரைப் புருஷன் வண்டியில் கட்டிக் கொண்டுவர, பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கடைக்குள் நுழைந்தவள் மோட்டாரை மறந்துவிட்டு அலமாரியைப் பார்த்துக் கத்தினாள்.

"ண்ணா! இது எங்க லேப்ல இருந்த கிட்டு! அதே கிட்டு!"

நான் பயந்துபோனேன். திருட்டுச் சாமான் என்று நினைத்துவிட்டாளோ என்று.

"குப்பையில கெடந்துச்சும்மா. சத்தியமா."

"அய்ய, அது இல்லண்ணா. உனக்கு இத ஓட்டத் தெரியுமா?"

"தெரியுமாவா? தூக்கத்துல ஓட்டுவேன்" என்றேன். வாய்க்குப் பூட்டுப் போடும் பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே இல்லை.

அவள் மளமளவென்று சொன்னாள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கடைசி வருஷத்தில் கல்யாணம், குழந்தை. எல்லாப் பேப்பரையும் ஒவ்வொன்றாக முடித்துவிட்டாள். ஒன்றே ஒன்று நிற்கிறது, மைக்ரோபிராசசர் லேப். இந்தக் கிட்டில் அசெம்பிளி புரோகிராம் போட்டுக் காட்ட வேண்டிய பிராக்டிகல். வில்லியனூர் தாண்டி ஒரு கம்பெனியில் போர்டுக்குப் பற்றவைக்கும் லைனில் வேலை செய்கிறாள். டிப்ளமா சர்டிபிகேட்டைக் கொண்டுவந்தால் அந்த லைனுக்கே சூப்பர்வைசர் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

"பழைய சிலபஸ்காரங்களுக்குக் கடைசி சான்ஸ் வுட்டுக்கீறாங்கண்ணா. மூணு வாரம் சொச்சம்தான் கீது. இதுல போச்சுன்னா அவ்ளோதான், இனிமே எழுதவே முடியாது. கிட்டுல கை வச்சே பதினோரு வருஷம் ஆச்சு. ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

அவள் புருஷன் அதுவரை மோட்டார்மேல் உட்கார்ந்து பல்லில் குச்சியை வைத்துக்கொண்டிருந்தார். நெல்லும் கரும்பும் போடுகிறவர். அவள் என்னை அண்ணா என்றுவிட்டதால் அந்த நிமிஷமே அவர் எனக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டார்.

"மச்சான், நெசமா தெரியுமா, இல்ல என் மோட்டாருக்குச் சொன்ன மாதிரி சொல்றியா? போன தபா ரெண்டு வருஷம் ஓடும்னு சொன்னே."

"ஓடுச்சா இல்லியா மாப்ள?"

"ரெண்டு மாசம் ஓடுச்சு."

அடுத்த ஞாயிறு வகுப்பு ஆரம்பம். வீட்டில் வண்டி ஒன்றுதான் என்பதால் மாப்பிள்ளையும் கூடவே வந்து உட்கார்ந்தார். கேட்காமலே கிடைத்த இரண்டாவது மாணவர், கேட்காமலே கேள்வியும் கேட்பார்.

முதல் புரோகிராம் இரண்டையும் மூன்றையும் கூட்டுவது. நான் நம்பரைச் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். 3E, 02. 06, 03. 80. விடையைக் கொண்டுபோய் ஒரு அறையில் வைக்கிற 32, பின்னால் அறை நம்பர். கடைசியில் 76. ஓடவிட்டு, அந்த அறையைத் திறந்தோம். சிவப்பில் 05 என்று எரிந்தது.

அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? ஸ்டூலை விட்டு எழுந்து குதித்தாள். நானும் குதித்தேன். நான் குதித்ததில் வார்னிஷ் டப்பா கவிழ்ந்தது.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "ரெண்டும் மூணும் அஞ்சு. இதச் சொல்றதுக்கா முக்கா மணி நேரம்? எங்கூட்டுக் குட்டி விரல வச்சே சொல்லும்."

"விரல் சொல்றது வேறங்க" என்றாள் அவள். "இது நான் சொல்லி அது செஞ்சுது. நடுவுல யாருமே இல்ல."

நானாக இருந்தால் இந்த விஷயத்தைச் சொல்ல அரை மணி நேரம் இழுத்திருப்பேன்.

அடுத்து ஐந்து எண்களைக் கூட்டும் புரோகிராம். பரீட்சையில் வருவதெல்லாம் இந்த ஜாதிதான், வரிசையாக எண்களை வைத்துவிட்டு அவற்றை ஏதாவது செய்யச் சொல்வார்கள். இதில்தான் என் வாத்தியார்த்தனம் முழு வேகத்தில் வெளிப்பட்டது. 4200 என்ற நம்பரில் தொடங்கும் அறைகளை நெல் மூட்டை வரிசை என்று சொன்னேன். ஒரு பெட்டி மூட்டையைக் காட்டுகிற விரல், இன்னொரு பெட்டி இன்னும் எத்தனை மூட்டை பாக்கி என்று எண்ணுகிற ஆள். ஒன்றைக் கூட்டு, விரலை நகர்த்து, பாக்கியில் ஒன்று குறை, தீரவில்லையென்றால் திரும்பிப் போ. அவள் கண் விரிந்துகொண்டே போனது. மாப்பிள்ளையே குச்சியை எடுத்துவிட்டுக் கேட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஆனா முதல் அறைக்கு நம்பர் ஒண்ணு ஏன் இல்ல? சைபர்ல ஆரம்பிக்குது?" என்று அவள் கேட்டாள்.

ஏன் என்று எனக்கு எங்கே தெரியும்? தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் எனக்கு அறிவு பொங்கிக்கொண்டு வரும்.

"நெல்லு அளக்கும்போது மாப்ள முதல் மரக்காலுக்கு ஒண்ணுன்னா சொல்றாரு? லாபம்னு சொல்றாரு. அந்த மாதிரிதாம்மா. 4200ங்கறது லாபம்."

"யப்பா!" என்றார் மாப்பிள்ளை. "வெள்ளக்காரனும் லாபம்னுதான் ஆரம்பிக்கிறானா?"

இப்போதெல்லாம் அறுத்த நெல் தராசில்தான் ஏறுகிறது. ஆனால் விதைநெல்லை மட்டும் அவர் வீட்டில் மரக்காலில்தான் அளப்பார்கள். அதனால் நான் சொன்னது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் நேராக நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. நானும் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். கை எட்டவில்லை, இருந்தாலும் தட்டினேன்.

அவள் அந்த வாரம் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்த்திருக்கிறாள். ஞாயிறு வந்தாள், தானாகவே தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று மூட்டைகளை வைத்தாள். பதினைந்து வர வேண்டும். கிட்டுக் கணக்கில் பதினைந்துக்கு 0F என்று காட்டும்.

3A என்று காட்டியது.

மறுபடி தட்டினாள். அதே 3A. கிட்டை அணைத்துவிட்டுப் போட்டு முதலிலிருந்து தட்டினாள். இப்போது C1.

"ஒரே கேள்விக்கு ரெண்டு பதில் சொல்லுது" என்றார் மாப்பிள்ளை. "மச்சான், இது உன் கிட்டுதான், சந்தேகமே இல்ல."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். 21, 0E, 3E, 86, 23, 0D, C2. ஒரு நம்பர் தப்பில்லை. தாளில் தப்பில்லை என்றால் கிட்டில்தான் தப்பு என்று முடிவு செய்து ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். சில்லுகளைப் பிடுங்கி, ரப்பரால் கால்களைத் தேய்த்து மாட்டினேன். பட்டன்களுக்குப் பெட்ரோல் விட்டேன். கரண்ட் ஏற்ற இறக்கம் என்று மின்சாரத்தைத் திட்டினேன். வெயில் சூடு என்று ஃபேனைத் திருப்பி வைத்தேன். கிட்டுக்குக் காற்று வந்தது, எங்கள் மூவருக்கும் வியர்த்துக் கொட்டியது. இரண்டு மணி நேரம் போனது. ஒவ்வொரு தடவை அணைத்துப் போட்டபோதும் அது புதிதாக ஒரு விடையைச் சொன்னது.

அவள் தாளை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்தாள்.

"எனக்கு வராதுண்ணா. அப்பவும் இப்படித்தான். எல்லாம் கரெக்டா போட்டமாதிரியே இருக்கும், விடை மட்டும் வராது. பரீட்சைக்கு இன்னும் ஒம்பது நாள்தான். வுட்டுடு."

மோட்டார் என்றால் இரண்டு மாசம் கழித்துத் திரும்ப வரும், மறுபடி சுற்றிக் கொடுக்கலாம். இவளுக்கு இன்னொரு தடவை கிடையாது. தூக்கத்தில் ஓட்டுவேன் என்று நான் அளந்ததை நம்பி மூன்று வாரத்தில் இரண்டு வாரம் போயிருந்தது.

"ஒரே ஒரு தபா போடும்மா" என்றேன். "இப்ப ஓடவுடாதே. ஓடறதுக்கு முன்னாடி மூட்டை எல்லாம் வச்ச இடத்துலதான் கீதான்னு ஒவ்வொண்ணா தொறந்து பாரு."

இதை நான் ஞானத்தில் சொல்லவில்லை. வேறு சொல்ல எதுவும் இல்லாததால் சொன்னேன்.

அவள் அரைமனதாகத் திறந்தாள். 4200இல் 01. சரி. அடுத்த பட்டனை அமுக்கினாள். 4201இல் 7D என்று ஏதோ எரிந்தது. அடுத்தது 4202. அதில் 02.

அவள் கை நின்றது.

"4201ல நான் ஒண்ணுமே போடலியே" என்றாள்.

"ஏம்மா போடல?"

"அதான் லாபம் போட்டாச்சே. லாபத்துக்கு அப்புறம் ரெண்டுதானே?"

மாப்பிள்ளை உடனே ஆமோதித்தார். "லாபம், ரெண்டு, மூணு. நாங்க அப்படித்தான் அளப்போம். நடுவுல ஒண்ணு எங்க இருந்து வந்துச்சு?"

எனக்குத் தலை சுற்றிவிட்டது. வெளிநாட்டில் எத்தனையோ லட்சம் பேர் இதைப் படித்திருப்பார்கள், எத்தனையோ தப்பு செய்திருப்பார்கள். சைபருக்குப் பக்கத்து அறையைத் தாண்டிக் குதித்து இரண்டாவது மூட்டையை இரண்டில் வைக்கிற தப்பை மரக்காலில் நெல் அளந்த வீடுதான் செய்யும். அந்தக் காலி அறையில் கரண்ட் போட்டதும் எது விழுகிறதோ அந்தக் குப்பையையும் சேர்த்து கிட்டு ஒழுங்காகக் கூட்டியிருக்கிறது. கடைசி மூட்டையோ கணக்குக்கு வெளியே நின்றுவிட்டது. கிட்டு தப்பில்லை, அவள் தப்பில்லை, மின்சாரமும் தப்பில்லை. பெட்ரோல் விட வேண்டிய இடம் என் மண்டைதான்.

"தப்பு என்னுதும்மா" என்றேன். "ஒழுங்கா சைபர்னு சொல்லித் தொலைச்சிருக்கணும்."

அவள் கேட்டுக்கொண்டே இல்லை. மூட்டைகளை ஒவ்வொரு அறையாக இறக்கிக்கொண்டிருந்தாள். "லாபம். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு." ஓடவிட்டாள். 0F.

"வந்துடுச்சு!" என்று கத்தினாள் பாருங்கள், எதிர்ச்சந்தில் தூங்கிக்கொண்டிருந்த இன்ஜினியர் எழுந்து பால்கனிக்கு வந்துவிட்டார். அணைத்துப் போட்டாள், மறுபடி தட்டினாள், மறுபடி 0F. அன்றைக்கு ஆறு தடவை அதையே தட்டினாள். எனக்கும் அலுக்கவில்லை. இத்தனை வருஷம் நான் தட்டியது அடுத்தவன் தாள். ஒருத்தி தன் தப்பைத் தானே தோண்டி எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

"எஃப்னா பதினஞ்சா?" என்று மாப்பிள்ளை மட்டும் சந்தேகமாகவே இருந்தார். "கரும்பு ஃபேக்டரில இப்படி எடை போட்டா கரும்பு வெட்ற கத்தியோட போயி நிப்போம்."

பாக்கி ஒன்பது நாளும் சூறாவளிதான். கம்பெனி விட்டு நேராகக் கடைக்கு வந்து ஒரு மணி நேரம் தட்டுவாள். வரிசையில் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் புரோகிராமுக்கு மணப்பட்டுக் கரையில் மீன் எடுப்பதைச் சொன்னேன். ஒரு மீனைக் கையில் வைத்துக்கொள், அடுத்ததோடு ஒப்பிடு, அது பெரிசா, இதைப் போட்டுவிட்டு அதை எடு. கடைசி மீன் வரை பார்த்தபின் கையில் இருப்பதுதான் பெரிசு. சொல்லிமுடித்த கையோடு, "இதுல எங்கேயும் லாபம் இல்ல" என்று சேர்த்துச் சொன்னேன்.

"கடைசி மீனு பாக்கறதுக்குள்ள கையில கீறது நாறிப்பூடும்" என்றார் மாப்பிள்ளை. ஆனால் அடுத்த நாள் அவரே வீட்டில் அவளிடம் நம்பர்களை ஒப்புவிக்கச் சொல்லி, தாளை வைத்துச் சரிபார்த்திருக்கிறார்.

பரீட்சை அன்று கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். நான் போய் என்ன கிழிக்கப்போகிறேன்? இருந்தாலும் போனேன். காலேஜ் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தோம். பத்தரை மணிக்கு டீக்கடை ஃபேன் நின்றது.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். கரண்ட் போனால் கிட்டில் தட்டியது எல்லாம் அழிந்துவிடும். ஒரு எண் மிச்சமிருக்காது.

"அப்ப இன்னா பண்ணும் மச்சான்?"

"முதல்ல இருந்து தட்டணும்."

"டைம் குடுப்பானா?"

இரண்டு பேரும் அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெனரேட்டர் சத்தம் கேட்க எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது. அதற்குள் மாப்பிள்ளை எனக்குத் தெரிந்த சாமிகளுக்கும் தெரியாத சாமிகளுக்கும் வேண்டிக்கொண்டுவிட்டார், தேவமாதா உட்பட.

உள்ளே நடந்ததை அவள் வெளியே வந்து சொன்னாள். பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் புரோகிராம்தான் வந்திருக்கிறது. தட்டி முடித்து, ஓடவிடப் போகும்போது கரண்ட் போயிருக்கிறது. திரும்பி வந்தபோது பத்து நிமிஷம்தான் பாக்கி. பக்கத்துக் கிட்டில் இருந்தவர் தாளில் குட்டிப் பெயர்களாகத்தான் எழுதியிருந்தாராம். ஒவ்வொன்றுக்கும் நம்பரைப் புத்தகத்தில் மறுபடி தேடிக்கொண்டிருந்தார். இவள் தாளையே பார்க்கவில்லை. விரல் பாட்டுக்குத் தட்டியிருக்கிறது. எக்ஸாமினர் வந்து நின்று, இவள் வைத்த எண்களை அழித்துவிட்டு அவருடைய எண்களை வைத்து ஓடவிட்டார். சரியான எண் எரிந்தது. அவர் ஒன்றுமே சொல்லாமல் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"சிரிச்சாரா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா."

"முறைச்சாரா?"

"அதும் இல்லண்ணா."

இந்த மாதிரி ஆட்களை எக்ஸாமினராகப் போடவே கூடாது.

ரிசல்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாள் நான் ஒரு கிணற்றுக்குள் இருந்தேன், உள்ளே இருந்த மோட்டாரைக் கப்பியில் கயிறு போட்டு மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். மேலே மாப்பிள்ளையின் வண்டிச் சத்தம். அப்புறம் அவர் தலை தெரிந்தது.

"மச்சான்! பாஸு! பாஸுடா மச்சான்!"

நான் சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கினேன். கயிறு என் கையில்தான் இருந்தது என்பது தூக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. தண்ணீருக்குள் போன அந்த மோட்டார் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருடையது. அவர் கிணற்று மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். நான் மேலே ஏறுவதா, உள்ளேயே இருந்துவிடுவதா என்று யோசித்து, நாலு படி ஏறி, அவர் முகத்தைப் பார்த்ததும்...

"ண்ணா! எங்க கீறே?"

இப்போது என் கடை வாசலில் அவள்தான். சூப்பர்வைசர் ஆனதிலிருந்து குரலும் கூடிவிட்டது. அவள் லைனில் வேலை செய்கிற நாலு பெண்களை ஞாயிறுதோறும் கிட்டு தட்டப் படிக்க இங்கே கூட்டி வருகிறாள்.

"இன்னா எழுதிக்கினு கீறே அங்க? புள்ளைங்க வந்து அரை மணி நேரம் ஆவுது. ஒருத்தி ஓட வுட்டுட்டா, நம்பரு சுத்திக்கினே கீது, நிக்கவே மாட்டேங்குது. ஸ்குரூ டிரைவர எடுக்காம வா!"

இருங்கள், கூப்பிடுகிறாள்.